காம்பராவுக்குள்ள வந்தா வெட்டலாம்

கள்ளனைப் புடிக்கிறதுக்காக, பொண்டாட்டிகிட்டச் சொல்லி என்னையவே வீட்டுக்குள்ள வச்சு வெளியில பூட்டச் சொன்ன ஆளு நான். இதைச் சொன்னா மொதல்ல யாரும் நம்புறதில்லை. ஒரு நிமிஷம் என் மூஞ்சிய நல்லாப் பார்ப்பாங்க. அப்புறம் நம்பிருவாங்க.

தேயிலைத் தோட்டத்து லயத்தைப் பார்க்காதவங்களுக்காக ஒரு வார்த்தை. நீட்டுக்கு ஒரே தகரக் கூரை, அதுக்குக் கீழ பெட்டி பெட்டியா அறை. அந்த அறைதான் காம்பரா. அதுக்கு முன்னால இருக்கிற தாழ்வாரம் இஸ்தோப்பு. இஸ்தோப்பை விட்டு எறங்குனா தண்ணி ஓடுற கான். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒரு காம்பராவுக்கு ஒரே கதவு. சன்னல்னு ஒண்ணு உலகத்துல இருக்குங்கிறது எங்க லயத்தைக் கட்டுன தொரைக்கு ஞாபகம் வரல போல. அந்த ஒத்தக் கதவைத்தான் நான் பூட்டச் சொன்னேன். அவளும் பூட்டி, சாவிய மடியில செருகிக்கிட்டு, கூடைய மாட்டிக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிட்டா. அவ காலடிச் சத்தம் தேய்ஞ்சு போன பெறகுதான் எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு. ஒண்ணுக்கு வந்தா எங்க போறது?

அந்த வருஷம் எங்க தோட்டத்துல பகல் கள்ளன் பூந்திருந்தான். ராத்திரிக் கள்ளனா இருந்தா ஒரு மரியாதை இருக்கும், கண்ணு முழிச்சு வேலை செய்றான்னு சொல்லலாம். இவன் சாவகாசமா வெயில் வந்த பெறகு வருவான். காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் குடுத்துட்டு ஆம்பளை பொம்பளை அத்தனை பேரும் மலைக்குப் போயிருவோம். கைக்குழந்தைங்க ஆயா பார்த்துக்கிற புள்ளமடுவத்துல. லயத்துல இருக்கிறது கோழி மட்டுந்தான். மொதல்ல ஒரு கம்பளி போச்சு. அப்புறம் ஒரு வீட்டுல அரிசிச் சட்டி போச்சு. அப்புறம் என் பக்கத்துக் காம்பராக்காரனோட செம்புத் தவலை போச்சு. அவன் புதுசாக் கல்யாணம் கட்டுனவன். தவலை மாமியார் வீட்டுச் சீர். தவலை போன அன்னைக்கு அவன் பொண்டாட்டி அழுத அழுகையில, சுவருக்கு இந்தப் பக்கம் என் பொண்டாட்டியும் சேர்ந்து அழுதா. ரெண்டு வீட்டுலயும் அன்னைக்கு சோறு பொங்கல.

உடனே லயமே கொட்டகலைக் கடைவீதிக்குப் போய்ப் பூட்டு வாங்குச்சு. அதுவரைக்கும் எங்களுக்குப் பூட்டுன்னா தொரை பங்களாவுல இருக்கிற சாமான். வெறும் கொண்டிய மாட்டிட்டுப் போறவங்க நாங்க. ஒரு முதலாளி கடையில ஒரு பெட்டியைத் தொறந்து வச்சாரு, அத்தனையும் பளபளன்னு ஒரே மாதிரி. ஆளுக்கொண்ணு வாங்கிக்கிட்டு வந்து மாட்டுனோம். அன்னைக்கு எங்க லயத்தைப் பார்க்கணுமே, வரிசையா மூக்குத்தி போட்ட மாதிரி இருந்துச்சு.

பூட்டு வந்ததும் வீரமும் கூடவே வந்துருச்சு. சாயங்காலம் பீலிக்கரையில, அதான் தண்ணி கொட்டுற எடத்துல, குளிக்கும்போது இதே பேச்சு. கள்ளன் வந்தா வெட்டலாமா, கூடாதா? நாங்க அத்தனை பேரும் கவ்வாத்து வெட்டுறவங்க. தேயிலைச் செடியக் குச்சி குச்சியா நறுக்கித் தள்ளுற கத்தி ஒவ்வொருத்தன் இடுப்புலயும் இருக்கும். அந்தக் கத்தியில தாடி மழிக்கிறவங்களும் உண்டு. அப்படிப்பட்ட சாமானை வச்சுக்கிட்டு, வெட்டலாமாங்கிறது சும்மா பேச்சில்லை.

எங்களுக்குள்ள சட்டம் தெரிஞ்சவரு ஒருத்தர்தான். என்னைக்கோ ஒரு ஆட்டுக்கடா வழக்குல அட்டன் கோர்ட்டுப் படியேறுனவரு. அதுல இருந்து அவரு பேரே கோர்ட்டு மாமா. தலையில சவுக்காரம் போட்டுக்கிட்டே தீர்ப்புச் சொன்னாரு.

"கானுக்கு அந்தப் பக்கம் நின்னான்னா, வாயால விரட்டணும். கைய வைக்கக் கூடாது. இஸ்தோப்புல ஏறிட்டானா, கம்பால அடிக்கலாம். காம்பராவுக்குள்ள கால வச்சானா, அப்ப கையில என்ன இருக்கோ அதுதான்."

"வெட்டலாமா மாமா?"

"தாராளமா. ஆனா காம்பராக்காரன்தான் வெட்டணும். அடுத்த வீட்டுக்காரன் வந்து வெட்டுனா அது கொல."

"காம்பராவே தொரையோடது தானே மாமா? நாம எப்படி உரிமை கொண்டாடுறது?"ன்னு பக்கத்துக் காம்பராக்காரன் கேட்டான்.

"சுவரு தொரையோடது, கூரை தொரையோடது. உள்ள நீ விடுற மூச்சு ஒன்னோடதுடா. அதைக் காப்பாத்திக்கத்தான் சட்டம்."

"முதுகக் காட்டிக்கிட்டு ஓடுனா?"

"முதுகுல வெட்டுனா அது காவல் இல்ல, கோவம். கோவத்துக்குக் கயிறுதான்."

இவ்வளவு தெளிவா எந்த நீதவானும் சொல்லியிருக்க மாட்டாரு. அந்தக் காலத்துல எங்களுக்கு ஓட்டுக் கெடையாது, பிரஜாவுரிமை கெடையாது. தேயிலை நடக் கடல் தாண்டிக் கூட்டிக்கிட்டு வந்த எங்களையே, நாட்டுக்குள்ள வந்து பூந்தவங்கன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. அப்படிப்பட்ட நாங்க, எங்க வீட்டுக்குள்ள பூந்தவனை வெட்டுற உரிமையப் பத்தி ஈரத்துண்டோட நின்னு பேசிக்கிட்டிருந்தோம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே புல்லரிப்பு.

"என் காம்பராவுக்கு வரட்டும், ஒரே வெட்டு"ன்னேன் நான்.

யாரும் சிரிக்கல. அதுதான் தப்பாப் போச்சு. சிரிச்சிருந்தா நானும் சிரிச்சு விட்டிருப்பேன்.

அதுக்கு அடுத்த வாரம், கவ்வாத்து வெட்டுன செடியோட முனை ஒண்ணு என் உள்ளங்கால்ல ஏறிருச்சு. கால் வீங்கி, மருந்துக்காரய்யா பார்த்துட்டு வீட்டுல கெடன்னு சொல்லிட்டாரு. வீட்டுல சும்மா கெடக்கிறவன் ஒழுங்காக் கெடக்கணுமா இல்லையா? எனக்குத் திட்டம் வந்துருச்சு. ஆள் இருக்கிற காம்பராவுக்குக் கள்ளன் வர மாட்டான். வெளியில பூட்டுத் தொங்குனா வருவான். பூட்டை ஒடைச்சு உள்ள கால வைப்பான். சட்டப்படி அப்ப அவன் என் கையில.

"ஏங்க, கால் வீங்குனா மண்டைக்கும் ஏறுமா?"ன்னு பொண்டாட்டி கேட்டா.

"ஒனக்குப் புரியாது. பூட்டு."

பூட்டிட்டுப் போனா.

உள்ள ஒரே இருட்டு. கூரைத் தகரத்துல ஆணி போன ஓட்டை வழியா ஊசி மாதிரி வெளிச்சம் ரெண்டு எறங்கும், அவ்வளவுதான். கதவுக்குப் பக்கத்துல சுவரோட ஒட்டி நின்னு பார்த்தேன். கால் வலிச்சுச்சு. உக்காந்து பார்த்தேன். உக்காந்தவாக்குல எப்படி வெட்டுறது? மறுபடி எந்திரிச்சு, கத்திய ஓங்கி ஒரு தடவை வீசிப் பழகலாம்னு வீசுனேன். என்னமோ அறுந்து என் தலை மேல விழுந்து மூடிக்கிச்சு. கள்ளன் பின்னால இருந்து வந்துட்டான்னு நெனைச்சுக் கொஞ்ச நேரம் அதோட மல்லுக்கட்டுனேன். கடைசியில பார்த்தா கொடிக்கயிறு. துணியெல்லாம் அடுப்புச் சாம்பல்ல. என் மேல விழுந்து, மல்லுக்கட்டுனதுல சாம்பல்ல பொரண்டது அவளோட நல்ல சேலை.

கள்ளனைவிட இப்ப அவ வர்றதை நெனைச்சுத்தான் பயம் வந்துச்சு. வயித்துக்குக் கீழ வேற கனம் ஏறிக்கிட்டே போச்சு. காலையில குடிச்ச தேத்தண்ணி.

வெயில் நல்லா ஏறுன பெறகு, கான் மேல கெடந்த பலகை கிறீச்சுன்னுச்சு. யாரோ இஸ்தோப்புல ஏறுறாங்க. இஸ்தோப்புன்னா கம்பு. கம்பு எங்கிட்ட இல்லை. சரி, உள்ள வரட்டும். பூட்டை ஒடைக்கிற சத்தம் வரும்னு பார்த்தா, சாவி திரும்புற சத்தம் வந்துச்சு. நல்லா எண்ணெய் போட்ட மாதிரி, அழகாத் திரும்புச்சு. பொண்டாட்டிதான் வந்துட்டான்னு நெனைச்சு நான் சேலையத் தேடுறேன், கதவு தொறந்துருச்சு.

என் வயசு ஆளு. மெலிஞ்ச ஒடம்பு, கிழிஞ்ச காக்கிக் கோட்டு. ஒரு கால் வாசப்படிக்கு உள்ள, ஒரு கால் வெளிய. கோர்ட்டு மாமா ஒரு காலுக்குத் தீர்ப்பே சொல்லல. நான் கத்திய ஓங்குன மாதிரியே நிக்கிறேன், அவன் கத்தியப் பார்க்குறான்.

"யாருடா?"ன்னு கேட்டேன். முட்டையிடப் போற கோழி மாதிரி வந்துச்சு சத்தம்.

அவன் உள்ள வச்ச கால எடுத்தான். கதவ இழுத்துச் சாத்துனான். கொண்டிய மாட்டிப் பூட்டிட்டான்.

என் சரித்திரத்துலயே என்னைய ஒரு நாள்ல ரெண்டு பேரு பூட்டுனது அன்னைக்குத்தான்.

"டேய், கதவத் தொறடா!"

"தொறந்தா வெட்டுவீங்கண்ணே."

"தொறக்காம எப்படிடா வெட்டுறது?"

"அதுக்குத்தான் பூட்டுனேன்"ன்னான்.

"ஒனக்கு எப்படிடா என் வீட்டுச் சாவி வந்துச்சு?"

"நானும் அதே கடையில ஒரு பூட்டு வாங்குனேண்ணே. அந்தப் பெட்டியில எல்லாத்துக்கும் ஒரே சாவிதான். ஒங்களுக்குத் தெரியாதா?"

லயம் பூராவும் கள்ளனுக்குப் பயந்து, கள்ளன் கையிலயே சாவியக் குடுத்திருக்கோம். அதுவும் ஆளுக்கு ஆளு தனித்தனியா காசு குடுத்து.

"தம்பி, நான் ஒண்ணுக்குப் போகணும்."

"அதுக்கு நான் என்னண்ணே பண்றது? நான் போறேன். நீங்க சத்தம் போடாதீங்க."

போயிருப்பான். போகவும் விட்டிருக்கலாம். ஆனா அந்த நேரம் பார்த்து மேல் மலைப் பாதையில சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. கவ்வாத்துக்காரங்களுக்குக் கணக்கு வேலை. குடுத்த அளவு செடிய வெட்டி முடிச்சா, பொம்பளைங்க கூடைய எறக்குறதுக்கு ரொம்ப முந்தியே ஆம்பளைங்க லயத்துக்கு வந்துரலாம். வந்துக்கிட்டிருந்தாங்க. அத்தனை பேர் கையிலயும் கத்தி. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தொண்டை வந்துச்சோ.

"கள்ளன்! கள்ளன்! புடிங்க!"

சிரிப்பு நின்னுச்சு. அப்புறம் ஓடி வர்ற காலுச் சத்தம். என் கதவுக்கு வெளிய அவனும் ஓடுனான். இஸ்தோப்புல அந்தக் கோடிக்கு ஓடுனான், அங்கேயும் ஆளு வருது. இந்தக் கோடிக்கு வந்தான். லயத்துக்குப் பின்னால செங்குத்தா மண்மேடு. முன்னால கீழ் மலை. மத்த நாளா இருந்தா தேயிலைக்குள்ள குனிஞ்சான்னா ஆளைக் கண்டுபுடிக்கவே முடியாது. ஆனா அந்த மலைய நாங்கதான் வெட்டி முடிச்சிருந்தோம். எலையே இல்லாத வெறும் முண்டு. ஒரு கோழி பதுங்க எடமில்லை. செருப்பில்லாம ஓடுனா எனக்கு ஏறுன மாதிரி நூறு முனை ஏறும்.

மறுபடி சாவி திரும்புச்சு. கதவு தொறந்துச்சு. அவன் உள்ள பாஞ்சு, கதவச் சாத்தி, உள்தாழ்ப்பாளப் போட்டு, முதுக வச்சு நின்னுக்கிட்டான்.

இப்ப ரெண்டு காலும் காம்பராவுக்குள்ள.

வெளிய கதவு அதிருது. "மாப்ள, உள்ள இருக்கானா?" கோர்ட்டு மாமா கொரல்.

"இருக்கான் மாமா."

"கையில ஏதாச்சும் வச்சிருக்கானா?"

பார்த்தேன். ஊசி வெளிச்சம் ஒண்ணு அவன் கை மேல விழுந்துச்சு. "சாவி வச்சிருக்கான்"ன்னேன்.

"அப்பச் சரி. நாங்க உள்ள வரக் கூடாது, சட்டம் இல்ல. நீதான் காம்பராக்காரன். வெட்டு!"

"வெட்டுண்ணே!" இது பக்கத்துக் காம்பராக்காரன். அவன் கொரல்ல தவலை தெரிஞ்சுச்சு. "ஒன்னால முடியலைன்னா இஸ்தோப்புக்குத் தள்ளி விடு. நாங்க பார்த்துக்கிறோம்."

"வெட்டு! வெட்டு!"ன்னு மத்தவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க.

அந்தக் கொரலெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கொரல். தினம் ஒண்ணாக் குளிக்கிறவங்க, ஒரு பீடிய ரெண்டாக் கிள்ளிக் குடிக்கிறவங்க. தனித்தனியாப் பார்த்தா ஒருத்தன் கோழி அறுக்கக்கூட யோசிப்பான். அன்னைக்குக் கூட்டமாக் கேட்டப்ப, ஒரு கொரலும் அடையாளம் தெரியல. வெளிய தள்ளுனா என்ன ஆகும்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. கோர்ட்டு மாமா சட்டத்துல இஸ்தோப்புக்குக் கம்புதான். ஆனா அங்க யாரு கையிலயும் கம்பு இல்லை.

அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. கதவுல சாஞ்சவாக்குல மெதுவா வழுக்கி உக்காந்துட்டான். சத்தம் வெளிய கேக்காம எங்கிட்டச் சொன்னான்.

"அண்ணே, நீங்களே வெட்டிருங்க. ஒருத்தர் கையால போனாப் போதும்."

எனக்கு அப்ப ஒண்ணுக்குக்கூட மறந்து போச்சு.

ஓங்குன கை இன்னும் ஓங்குனபடியே இருந்துச்சு. கத்திய வச்சிருக்கிறவன் நான். கீழ உக்காந்திருக்கிறவன் அவன். இவனுக்குப் பயந்து நான் வெட்டுனா அது காவல், சரி. ஆனா எனக்கு இவன் மேல பயமே இல்லையே. பயமெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். நாளைக்கு பீலிக்கரையில என்னையப் பொட்டைன்னு சொல்லிருவாங்களேங்கிற பயம். அந்தப் பயத்துக்கு இவனை வெட்டுனா, அதுக்கு என்ன பேரு? கோர்ட்டு மாமா அதைச் சொல்லிக் குடுக்கல.

அவன் மட்டும் என் மேல பாஞ்சிருந்தான்னா, இல்ல என் பொண்டாட்டி உள்ள இருந்து அவ மேல கைய வச்சிருந்தான்னா, வெட்டித்தான் இருப்பேன். அதுல எனக்கு இன்னைக்கும் வெக்கமில்லை. எவனும் என்னையச் சாமியார்னு நெனைச்சுக்க வேண்டாம். ஆனா உக்காந்திருக்கிறவனை எப்படி வெட்டுறது?

"என்ன சத்தத்தைக் காணோம்? கதவ ஒடைங்கடா!"ன்னான் பக்கத்துக் காம்பராக்காரன். கதவு ஒரு தடவை உள்வாங்கி வந்துச்சு. இன்னும் ரெண்டு இடி இடிச்சா தாழ்ப்பாள் கழண்டுரும்.

வாய் தானாச் சொல்லிருச்சு. "வெட்டிட்டேன்!"

புத்திசாலித்தனம்னு யாரும் நெனைக்காதீங்க. எனக்கு எப்பவுமே வாய் முன்னால போகும், நான் பின்னால போய்ச் சேருவேன்.

வெளிய கப்புன்னு அடங்கிப் போச்சு. கான்ல தண்ணி ஓடுறது கேட்டுச்சு.

"மாப்ள…" கோர்ட்டு மாமா கொரல் இப்பப் பாதியாயிருச்சு. "நெசமாவா?"

"ஆமா மாமா."

"எங்க?"

"கழுத்துல."

உள்ள உக்காந்திருந்தவன் தன் கழுத்தத் தொட்டுப் பார்த்துக்கிட்டான்.

"உசுரு இருக்கா?"

"இல்ல போல மாமா. கொஞ்சம் உள்ள வந்து பாருங்க."

"நான் எதுக்குடா வரணும்?" அவரு பதறிட்டாரு. "சட்டம்னா அதுல நெறைய கெளை இருக்குடா. நான் பொதுவாத்தானே சொன்னேன்? வெட்டுறதுக்கு முந்தி மூணு தடவை எச்சரிக்கை பண்ணணும். பண்ணுனியா?"

"அதை நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலையே!"

அப்புறம் குசுகுசுன்னு பேச்சு. பொலிஸ்ங்கிற வார்த்தை ரெண்டு மூணு தடவை வந்துச்சு. யாரோ ஒருத்தன், "நாம இன்னைக்கு லயத்துப் பக்கமே வரல, வெளங்குதா? நேரா பீலிக்குப் போயிட்டோம்"ன்னான். காலுச் சத்தம் ஒண்ணொண்ணா எறங்கிப் போச்சு. கொஞ்ச நேரத்துல பீலிப் பக்கம் கல்லுல இரும்பு உரசுற சத்தம். ஒருத்தனையும் வெட்டாத கத்திய எல்லாரும் போட்டிபோட்டுக் கழுவிக்கிட்டிருந்தாங்க.

நான் மொதல்ல கதவத் தொறந்து கான் பக்கம் போயிட்டு வந்தேன். அதைவிட நிம்மதியான நிமிஷம் என் வாழ்க்கையில வந்ததில்லை.

அவனை உடனே அனுப்ப முடியல. கீழ் மலை மொட்டையா இருக்கு, போனா பீலியில இருந்தே தெரியும். பொணம் எந்திரிச்சு நடந்து போனா எவனாச்சும் பார்த்துருவான். மூணு மணிக்கு மேல எங்க பக்கம் பனி எறங்கிரும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் காத்திருக்கணும். சும்மா இருக்கிறதுக்கு அடுப்பைப் பத்த வச்சுத் தேத்தண்ணி ஊத்துனேன். அவன் கேக்காமலே கொடிக்கயித்த எடுத்து முடிச்சுப் போட்டுக் கட்டுனான். துணியெல்லாம் ஒதறி மேல போட்டான். என்னைவிட நல்லாவே கட்டுனான்.

"எந்தத் தோட்டம்?"

"இப்ப எதுவுமில்லண்ணே. தோட்டத்துக் கணக்குல இருந்து பேர வெட்டிட்டாங்க. காம்பராவும் போச்சு."

"தவலைய என்னடா பண்ண?"

"செம்புத் தவலையா? விக்க முடியல. தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறுனா எல்லாரும் பார்ப்பாங்க. ரோட்டு வளைவுல மதகுக்குள்ள வச்சிருக்கேன்."

"அங்கேயே விட்டுட்டுப் போ."

"கம்பளி?"

அவன் கோட்டுக்குள்ள சுத்தியிருந்தது தெரிஞ்சுச்சு. "கம்பளிய நான் கேக்கல"ன்னேன்.

பனி வந்து கதவை மறைச்சதும் எந்திரிச்சான். சாவிய அடுப்பு மேடையில வச்சுட்டு, "இது ஒங்க லயத்துச் சாவி"ன்னுட்டுப் போனான். நாலு எட்டுல காணாமப் போயிட்டான்.

அவன் போன கையோட மேல இருந்து ஒப்பாரி எறங்கி வந்துச்சு. கொலச் செய்தி மலைக்குப் போயிருச்சு. என் பொண்டாட்டி கூடையோட, கொழுந்தோட, தலைவிரி கோலமா முன்னால. பின்னால பொம்பளைங்க, அதுக்கும் பின்னால மலையில வேலை வாங்குற கணக்கப்பிள்ளை மூச்சு வாங்கிக்கிட்டு. அவ வாசல்ல வந்து நின்னு, என்னையப் பார்த்தா, கையில இருந்த தேத்தண்ணியப் பார்த்தா, தரையைப் பார்த்தா.

"பொணம் எங்க?"ன்னாரு கணக்கப்பிள்ளை.

"போயிருச்சுங்க."

"எங்க போச்சு?"

"சொல்லலைங்க."

அழுதுக்கிட்டிருந்த பொண்டாட்டி அழுகையை நிறுத்திட்டு, கூடையில இருந்த கொழுந்த அப்படியே என் தலையில கொட்டுனா. கணக்கப்பிள்ளை அதைப் பொறுக்கச் சொல்லி சத்தம் போட்டாரு. கொழுந்து தோட்டத்துச் சொத்தாச்சே. அப்புறம் சேலையில சாம்பலைப் பார்த்துட்டா. அதைப் பத்தி நான் எழுதப் போறதில்லை.

மறுநாள் பெரட்டுல எவனும் என் மூஞ்சியப் பார்க்கல. கள்ளனை விட்டுட்டான்னு அவங்களுக்குக் கோவம். அதைச் சொல்லவும் முடியல, ஏன்னா எல்லாரும் அன்னைக்குப் பீலியில இருந்தவங்க. கோர்ட்டு மாமா ரொம்ப நாளைக்குச் சட்டமே பேசல. பூட்டையெல்லாம் மூட்டையாக் கட்டிக் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனோம், முதலாளி வாங்க மாட்டேன்னுட்டாரு. பழையபடி கொண்டிதான்.

தவலைய நானே போய் மதகுல இருந்து எடுத்து, பக்கத்துக் காம்பரா இஸ்தோப்புல வச்சேன். எங்க கெடைச்சுச்சுன்னு அவன் கேக்கல. நானும் சொல்லல. ஆனா எனக்குள்ள ஒரு பெருமை ஊறிப் போச்சு. ஒரு உசுரக் காப்பாத்துனவன், கூட்டத்தையே ஒத்த வார்த்தையில கலைச்சவன்னு நடையே மாறிருச்சு. கால் வீக்கம் வடிஞ்ச பெறகும் கொஞ்சம் நொண்டுனேன், காயம் பட்ட வீரன் மாதிரி.

ஒரு நாள் பீலிக்கரையில நானும் பக்கத்துக் காம்பராக்காரனும் மட்டும். அன்னைக்கு எல்லாரையும்விட ஓங்கி வெட்டு வெட்டுன்னு கத்துனவன் அவன்தான். சவுக்காரத்தை எங்கிட்டக் குடுத்தான். சமாதானமாகிட்டான்னு நெனைச்சு, "என்னடா, நான் அன்னைக்குப் பண்ணுனது சரிதானே?"ன்னு கேட்டேன். பாராட்டுவான்னு பார்த்தேன்.

அவன் மூஞ்சியில வழிஞ்ச தண்ணியத் தொடைச்சுக்கிட்டு என்னைய நேராப் பார்த்துச் சொன்னான்:

"நீ நெசமா வெட்டியிருந்தீன்னா, ஒன்னையக் காட்டிக் குடுக்க பொலிசுக்கு மொத ஆளா நான்தாண்ணே ஓடியிருப்பேன்."